எழுவர் மீது வழக்கு: ஒரு மன்னர் மகுடம் இழந்த கதை

1688 ஜூன் 29. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் காலையில் தொடங்கிய விசாரணை மாலை வரை நீடித்தது. அதன் பிறகு பன்னிரண்டு ஜூரிகளையும் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அக்கால வழக்கப்படி, எல்லாரும் ஒரே முடிவுக்கு வரும் வரை அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. இரவு நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒருவர் மட்டும் பிடிவாதமாக நின்றார். அவர் அரண்மனைக்கு பீர் காய்ச்சிக் கொடுப்பவர். 'குற்றமில்லை' என்று சொன்னால் மன்னரின் வாடிக்கை போய்விடும். 'குற்றவாளிகள்' என்று சொன்னாலோ ஊரில் வேறு எவரும் அவருடைய பீரைத் தொடமாட்டார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைதான்.

விடியற்காலையில் அவரும் இறங்கி வந்தார். மறுநாள் காலை பத்து மணியளவில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. குற்றமில்லை! மண்டபமும் வீதிகளும் ஆரவாரத்தில் அதிர்ந்தன. லண்டனுக்கு வெளியே ஹவுன்ஸ்லோ திடலில் முகாமிட்டிருந்த மன்னரின் சொந்தப் படைவீரர்களே மகிழ்ச்சிக் கூச்சலிட்டார்கள். அப்போது மன்னரும் அந்த முகாமில்தான் இருந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் கேன்டர்பரி பேராயர் வில்லியம் சான்கிராஃப்டும் ஆறு ஆயர்களும். மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு ஒரு மனு எழுதினார்கள் என்பதற்காக அவர்கள் மீது தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. மனுவில் இருந்தது என்ன? வழிபாட்டுச் சுதந்திரம் வழங்கும் தமது அறிக்கையை எல்லா ஆலயங்களிலும் வாசிக்கும்படி மன்னர் உத்தரவிட்டிருந்தார். அதை வாசிக்க வேண்டுமென வற்புறுத்தாதீர்கள் என்று ஆயர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். சுதந்திரம் தர முன்வந்தவர் மன்னர். அதை வாசிக்க மறுத்தவர்கள் ஆயர்கள். மக்களோ ஆயர்களின் பக்கம். இது எப்படி நேர்ந்தது என்று புரிந்துகொள்ள 28 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1649இல் மன்னர் முதலாம் சார்ல்ஸின் தலையைத் துண்டித்து, மன்னரே வேண்டாம் என்று முடிவெடுத்த நாடு இங்கிலாந்து. ஆலிவர் குரோம்வெல்லின் ஆட்சி அவர் 1658இல் இறந்ததும் ஆட்டம் கண்டது. அவருடைய மகனால் படையையும் நாடாளுமன்றத்தையும் கட்டி மேய்க்க முடியவில்லை. 1660 மே 29ஆம் தேதி, தமது முப்பதாவது பிறந்தநாளன்று, கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்ல்ஸ் லண்டனுக்குள் நுழைந்தார். மணிகள் ஒலித்தன. ஊரே கொண்டாடியது. மறு ஆண்டு குரோம்வெல்லின் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கம்பத்தில் செருகி வைத்தார்கள். செத்தவரைத் தூக்கிலிட்டு யாருக்கு என்ன லாபமோ!

நாடு திரும்புவதற்கு முன், மனசாட்சிக்கு ஏற்ற வழிபாட்டை அனுமதிப்பதாக சார்ல்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார். புதிய நாடாளுமன்றம் அந்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலை முழுமையாக ஏற்க மறுத்த சுமார் 2,000 போதகர்கள் பதவி இழந்தனர். திருச்சபையைச் சேராதவர்களின் வழிபாட்டில், வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடினால் குற்றம் என்று 1664இல் ஒரு சட்டம் வந்தது.

அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர் ஜான் பனியன். அவர் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' கதையைத் தழுவித்தான் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைப் படைத்தார். தமிழ் இலக்கிய வரலாறு படிக்கும் மாணவர்கள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காப்பியத்தின் மூலக்கதையை எழுதியவர் இந்தச் சட்டங்களின் காலத்தில் சிறையிருந்தவர்.

கத்தோலிக்கர்களின் நிலை இன்னும் மோசம். அரசாங்கப் பதவி வேண்டுமென்றால் கத்தோலிக்க நம்பிக்கையை மறுத்து உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது 1673ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் கடற்படைத் தலைமைப் பதவியை விட்டு விலகியவர் வேறு யாருமல்லர். மன்னரின் தம்பியும் கத்தோலிக்கராக மாறியவருமான யார்க் கோமகன் ஜேம்ஸ். நியூயார்க் நகரம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்ற பொய்யன், மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்கிறார்கள் என்று கதை கட்டினான். நாடு நடுங்கியது. அப்பாவிகள் பலர் தூக்கு மேடை ஏறினார்கள். அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட் 1681இல் கொல்லப்பட்டார். வதந்தி பரவ வாட்ஸ்அப் தேவைப்படவில்லை. காப்பிக்கடைகளும் துண்டுப் பிரசுரங்களும் போதுமானவையாக இருந்தன. ஜேம்ஸ் அரியணை ஏறவே கூடாது என்றவர்களுக்கு 'விக்' என்றும், பரம்பரை உரிமையை மீறக் கூடாது என்றவர்களுக்கு 'டோரி' என்றும் பெயர் வந்தது. இரண்டுமே எதிராளிகள் சூட்டிய வசைப்பெயர்கள்.

எதிர்ப்பையெல்லாம் தாண்டி 1685இல் ஜேம்ஸ் மன்னரானார். அதே ஆண்டு பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னர், புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த உரிமைகளைப் பறித்தார். அகதிகள் இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். கத்தோலிக்க மன்னர் என்றால் இப்படித்தான் என்று மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஜேம்ஸும் அந்த அச்சத்தைப் போக்க முயலவில்லை. சட்டம் தடுத்தும் கத்தோலிக்கர்களைப் படை அதிகாரிகளாக்கினார். ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரி, தாம் சொன்ன தலைவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்காக அதன் ஆசிரியர் குழுவையே வெளியேற்றினார்.

வழிபாட்டுச் சுதந்திர அறிக்கையை அவர் முதலில் வெளியிட்டது 1687இல். மறு ஆண்டு மீண்டும் வெளியிட்டபோதுதான் ஆலயங்களில் வாசிக்கும் உத்தரவும் வந்தது. ஜேம்ஸ் உண்மையிலேயே சகிப்புத்தன்மையை விரும்பியிருக்கலாம். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் அப்படித்தான் நம்பினார். ஆனால், நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களை மன்னர் தாமே ஓர் அறிக்கையால் நிறுத்தி வைக்கலாமா என்பதே ஆயர்களின் மனு எழுப்பிய கேள்வி. இன்று ஒரு நல்ல காரியத்துக்காகச் சட்டத்தை ஒதுக்கி வைப்பவர், நாளை எதற்காக ஒதுக்கி வைப்பார்? என் கணிப்பில் ஆயர்களின் வாதம் வலுவானது. அதே வேளையில், மற்றவர்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டங்களால் பயனடைந்ததும் அவர்களுடைய திருச்சபைதான் என்பதை மறக்க முடியவில்லை.

ஆயர்கள் லண்டன் கோபுரச் சிறைக்குப் படகில் கொண்டுசெல்லப்பட்டபோது கரையில் மக்கள் மண்டியிட்டு ஆசி கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூன் 10ஆம் தேதி, அரசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதுவரை, ஜேம்ஸுக்குப் பின் அவருடைய புராட்டஸ்டன்ட் மகள் மேரி ஆட்சிக்கு வருவார் என்று பலர் பொறுமை காத்தார்கள். இப்போது கத்தோலிக்க வாரிசு வந்துவிட்டான். படுக்கையைச் சூடாக்கும் கங்குச் சட்டிக்குள் வைத்து யாருடைய குழந்தையையோ கடத்தி வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி! பிரசவ அறையில் அத்தனை சாட்சிகள் இருந்தும் அதை நம்பியவர்கள் ஏராளம்.

ஆயர்கள் விடுதலையான அதே ஜூன் 30ஆம் தேதி, ஏழு முக்கியப் பிரமுகர்கள் மேரியின் கணவரான டச்சுத் தலைவர் ஆரஞ்சு வில்லியத்துக்கு ரகசிய அழைப்புக் கடிதம் எழுதினார்கள். மாலுமி வேடத்தில் ஒரு கடற்படைத் தளபதி அதை எடுத்துச் சென்றார். நவம்பர் 5ஆம் தேதி வில்லியம் ஏறத்தாழ 15,000 வீரர்களுடன் டோர்பேயில் இறங்கினார். தளபதி ஜான் சர்ச்சில் கட்சி மாறினார். இளைய மகள் ஆனும் தந்தையைக் கைவிட்டார். தப்பியோடிய ஜேம்ஸ், அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்தார். முத்திரை இல்லாமல் எவரும் நாடாளுமன்றத்தைக் கூட்ட முடியாது என்பது அவர் கணக்கு. மீனவர்களிடம் பிடிபட்டுத் திரும்பியவரை, இரண்டாம் முறை தப்பிச் செல்ல வில்லியமே வழிவிட்டார்.

1689இல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் சட்டத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, வரி விதிக்கக் கூடாது, மன்னரிடம் மனுக் கொடுத்தவர்களைத் தண்டிக்கக் கூடாது என்றது அது. நாடாளுமன்றப் பேச்சுக்காக எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னது. மலேசிய, சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பேச்சுரிமைக்கு இன்றுள்ள பாதுகாப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

'ரத்தம் சிந்தாப் புரட்சி' என்று பாடநூல்கள் எழுதும். அயர்லாந்துக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! டெர்ரி நகர் 105 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்தது. 1690இல் பாய்ன் நதிக்கரைப் போரில் ஜேம்ஸ் தோற்றார். அதன் பின் வந்த சட்டங்கள் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களை நிலமும் பதவியும் இல்லாதவர்களாக்கின. இன்றும் வட அயர்லாந்தில் ஜூலை 12ஆம் தேதி அணிவகுப்பு நடக்கும்போது பதற்றம் எழுவதுண்டு.

அந்த ஏழு ஆயர்கள்? புதிய மன்னர் வில்லியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி கேட்டபோது, எழுவரில் ஐவர் மறுத்துவிட்டார்கள். ஜேம்ஸுக்குக் கொடுத்த பிரமாணம் இன்னும் தங்களைக் கட்டுப்படுத்துகிறது என்றார்கள், அவர் தங்களைச் சிறையிலிட்டவராக இருந்தும். பேராயர் சான்கிராஃப்ட் பதவியை இழந்து, தாம் பிறந்த சஃபோக் கிராமத்துக்கே திரும்பினார். 1693இல் அங்கேயே இறந்தார்.