யார் முறை சொல்லி அழுவது?

போராட்டப் பாட்டு என்று வந்துவிட்டால், உள்ளடக்கம் சரியாக இருந்தால் போதும், வடிவம் தானாக வந்து சேரும் என்றொரு நம்பிக்கை நம்மவர்களிடம் இருக்கிறது. ஒரு சினிமா மெட்டை எடுத்துக் கோரிக்கைகளை அதில் நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. கூட்டமும் கைதட்டும், மெட்டுக்காக. மறுநாள் அதே மெட்டு டீக்கடையில் ஒலிக்கும்போது அவர்களுக்குப் படம்தான் ஞாபகத்துக்கு வரும். யார் பேசலாம், யார் பதில் சொல்லலாம் என்பதை வடிவம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பாட்டு ஒன்று உருவான விதத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

2015 ஜனவரி 31 விடிவதற்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. பத்துப்பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இதைப் பற்றிப் பாட்டுக் கட்ட உட்கார்ந்தபோது எங்கள் கையில் இருந்தது ஒரேயொரு வரி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் அக்கா ஒருவர் செல்போனில் முனகிப் பதிவுசெய்து கொடுத்தது: ‘தூங்கப் போனவங்க எந்திரிக்கலையே’. மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்கி, கடைசி ‘யே’யில் மூச்சுத் தீரும்வரை இழுக்கிற ஒப்பாரி மெட்டு. தாளம் கிடையாது.

வரி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வரிதான் நகரவில்லை. ஏனென்று யோசித்தால் சிக்கல் இசையில் இல்லை. ஒப்பாரிக்கு முறை வேண்டும். ‘என்னப் பெத்த அம்மா’ என்றோ ‘கூடப் பொறந்த பொறப்பே’ என்றோ செத்தவரை விளித்தால்தான் அடுத்த அடி எழும். அழுகிறவளுக்கும் செத்தவருக்கும் உள்ள உறவுதான் அதன் யாப்பு. மொழியும் ஊரும் தெரியாத பத்துப்பேரை நாங்கள் என்ன முறை சொல்லி அழுவது? “அண்ணேன்னு போட்டுக்கலாம்பா” என்றார் ஒரு தோழர். உயிரோடு இருந்தபோது, கூலியைக் குறைக்க வந்தவன் என்று முறைத்துப் பார்த்துவிட்டு, செத்தபின் அண்ணன் என்பதா? அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “பேரு கூட தெரியாதே” என்றார்.

அந்த வாக்கியமே பல்லவியாயிற்று: ‘சேத்துல தூங்குறவங்க பேரு என்ன?’ நல்ல பல்லவி என்பது கூட்டம் திரும்பத் திரும்ப வந்து சேருகிற இடம். இன்குலாபின் ‘மனுசங்கடா’வைக் கே.ஏ.குணசேகரன் (1955–2016) பாடிக் கேட்டவர்களுக்கு இது தெரியும். அந்தச் சொல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும், நடுவில் வந்துபோன சேதிகளின் கனத்தையும் ஏற்றிக்கொண்டு வரும். எங்கள் பல்லவி ஒரு கேள்வி. ஒருவர் கேட்க, குழு ‘பேரு என்ன, பேரு என்ன’ என்று வாங்கிக்கொள்ளும்.

சரணத்துக்கு ஒரு சங்கதி போதும். மூன்றைத் திணித்தால் அது துண்டறிக்கை. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பையும் சேர்க்க வேண்டும் என்று விவாதம் வந்தது. நியாயம்தான். தோல் கழிவால் நாசமான பாலாற்றுக்காகத்தானே அந்த வழக்கு. ஆனால் ‘மாசுபடுத்தியவரே இழப்பீட்டுச் செலவை ஏற்கவேண்டும்’ என்பதை எந்தத் தாளத்தில் பாடுவது? ஒரு வாரம் இழுத்தடித்துக் கடைசியில் ‘கெடுத்தவன் கட்டணும்’ என்று வந்து நின்றது. கெடுத்–தவன்–கட்–டணும்: நாலு அசை, நாலு தட்டு. ‘கட்’ குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, குரலை நீட்டி இட்டு நிரப்பிக்கொள்ளலாம். சிந்துப் பாடல்களில் காலங்காலமாக நடப்பதுதான் இது. எழுத்தில் அசை குறைந்த இடத்தை இசை நீட்டம் ஈடுகட்டிவிடும். தாளில் சரியாக எண்ணி எழுதும் கவிஞர்கள் மெட்டில் தடுக்கிவிழுவது இதைக் கவனிக்காததால்தான்.

தாளமில்லாத ஒப்பாரியையும் பறையையும் எப்படி ஒட்டுவது என்பது அடுத்த கேள்வி. நாங்கள் ஒட்டவில்லை. அக்காவின் வரி தனியாக, தாளமின்றி முதலில் போகும். அந்த ‘யே’ அடங்கும்முன் பறை உள்ளே விழும். பறைக்குப் போர்த்துவது பதனிடாத தோல். மயிர் நீக்கி இழுத்துக் கட்டிக் காயவைத்தது, தீயில் காட்டினால் விறைத்து ஒலிக்கும். குரோம் ஏற்றிய தோல் ஷூவுக்கும் பைக்கும் ஆகும், அடித்தால் பேசாது. (எங்கள் ஊரில் ‘டிரம்’ என்றால் தோலைப் போட்டு உருட்டும் மரப்பீப்பாய்தான்.) அக்காவின் குரல் நடுவில் உடைகிறது, ஸ்டுடியோவில் சரிசெய்து தருகிறேன் என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டோம்.

முடிவு மட்டும் நாலைந்து முறை மாறியது. கோஷமாக முடித்தால் கூட்டம் கைதட்டிக் கலைந்துவிடுகிறது. இப்போது பாடுவது இப்படி: கடைசி ‘பேரு என்ன’வுக்குப் பிறகு பறை நிற்கும். பத்திரிகையில் வந்த பத்துப் பெயர்களையும் மெட்டில்லாமல் ஒருவர் வாசிப்பார். வங்காளப் பெயர்கள் நாக்கில் சரியாக வரமாட்டேன் என்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னாலும் உட்கார்ந்து சொல்லிப் பழகவேண்டியிருக்கிறது.