சிகரட் பெட்டிக்குள் ஒரு நாடக மேடை

நாடகம் மேடையேறிய இரவோடு மறைந்துவிடும் கலை. எழுத்துப் பிரதி எஞ்சலாம். நடித்தவரின் தோற்றமும் குரலும் பார்த்தவர் நினைவோடு போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மேடைகளில் தோன்றிய நடிகையர் பலரின் முகங்களை இன்று நாம் காண முடிகிறதென்றால், அதற்கு சிகரட் கொம்பனிகளும் ஒரு காரணம் என்பது வியப்புக்குரியது.

அக்காலச் சிகரட்டுகள் மெல்லிய தாளுறைகளில் விற்பனையாயின. உள்ளிருப்பவை நசுங்காதிருக்க ஒரு தடித்த அட்டைத் துண்டு வைக்கப்பட்டது. அந்த வெற்று அட்டையில் படம் அச்சிடும் வழக்கம் 1880களில் வெகுவாகப் பரவியது.

அதற்கு வேகம் கொடுத்தது ஓர் இயந்திரம். ஜேம்ஸ் பொன்சாக் உருவாக்கிய சிகரட் சுற்றும் இயந்திரத்தை வட கரோலினாவின் டியூக் கொம்பனி 1884இல் பயன்படுத்தத் தொடங்கியது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்குச் சில ஆயிரம் சிகரட்டுகளையே சுற்றுவார். இயந்திரமோ ஓர் இலட்சத்துக்கும் மேல் சுற்றித் தள்ளியது. இத்தனைக்கும் புகைப்போர் வேண்டுமே! எனவே படங்கள் வரிசைத் தொடராக வெளிவந்தன. தொடரை நிறைவு செய்ய விரும்புபவர் மீண்டும் அதே சிகரட்டைத்தானே வாங்குவார்?

பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் எனப் பல தொடர்கள் வந்தன. ஆயினும் நடிகையர் படங்களுக்குத் தனி வரவேற்பிருந்தது. டியூக்கும் றிச்மண்ட் நகரின் அலன் அன்ட் ஜின்ரரும் நியூயோர்க்கின் கின்னி சகோதரர்களும் போட்டியிட்டு அவற்றை வெளியிட்டனர். சாரா பேர்னார்ட், லில்லி லாங்ட்ரி, லில்லியன் ரசல் போன்றோர் இவ்வாறு ஆடவரின் சட்டைப் பைகளுக்குள் குடிபுகுந்தனர்.

இது கலைக்குக் கிடைத்த மதிப்பா? அப்படிச் சொல்வதற்கில்லை. பல அட்டைகளில் நடிகையின் பெயர் மட்டுமே உண்டு. நாடகமோ பாத்திரமோ குறிப்பிடப்படவில்லை. சிலவற்றில் பெயர்கூட இல்லை. பெண்கள் கணுக்காலையும் மறைத்து உடுத்திய காலத்தில், கால்களை ஒட்டிய மேடையுடையில் நின்ற படங்களே ஆடவரை ஈர்த்தன. கொம்பனியை நிறுவிய வொஷிங்டன் டியூக்கே இத்தகைய படங்கள் இளையோரைக் கெடுக்குமென வருந்தி, தொழிலை நடத்திய தம் மகனுக்கு 1894இல் கடிதம் எழுதினார்.

மேலும், இப்படங்கள் மேடையில் எடுக்கப்பட்டவையல்ல. அக்காலப் புகைப்படக் கருவிக்கு அரங்கின் வெளிச்சம் போதாது. திரை தொங்கிய படப்பிடிப்பு நிலையத்தில் அசையாது நின்ற கோலங்களே இவை. ஆகவே நடிப்பை இவற்றில் தேடுதல் வீண். உடை, சிகை, அணிகலன், ஒரு காலம் தன் நடிகையரைப் பார்த்த பார்வை ஆகியவற்றைத் தேடலாம், அவை கிடைக்கும்.

அவ்வாறு தேடுவதற்கு வழிசெய்தவர் ஜெபர்சன் பேர்டிக். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஊழியராயிருந்த அவர், மற்றோர் குப்பையென எறிந்த அட்டைகளைச் சேர்த்து வகைப்படுத்தினார். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட் காட்சியகத்துக்கு வழங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும் அவற்றைத் தாமே ஏடுகளில் ஒட்டிவந்தார். அப்பணி நிறைவுற்ற 1963ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

புகை விற்பதற்கென அச்சிட்ட முகங்கள் இன்று நாடக வரலாற்றுக்குச் சான்றாகியிருக்கின்றன. பெயரில்லாத அந்தப் பெண்கள் யாரென்று ஆய்வாளர் இன்னமும் தேடுகின்றனர்.