மருத்துவக் கருவிச் சந்தை: ஜெர்மனியும் நம் தங்கவயலும்

ஒரு ஸ்கேன் எடுக்க ஏன் இத்தனை ஆயிரம் என்று நம் சங்க அன்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. "மெஷின் வெளிநாட்டுச் சரக்கு, அதனால்தான்" என்பது வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் மீதிப் பாதியைத் தேடிப் படித்தேன். ஜெர்மனியைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம் சாம்பியன் ரீஃப் கம்பெனி ஆஸ்பத்திரிதான் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

ஐரோப்பாவில் மருத்துவக் கருவித் தொழிலுக்குப் பேர்போன நாடு ஜெர்மனி. 1895-ல் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார், காப்புரிமை வாங்கவில்லை. அடுத்த ஆண்டே எர்லாங்கன் நகரத்துப் பட்டறை ஒன்று எக்ஸ்ரே கருவி செய்து விற்கத் தொடங்கிவிட்டது. பிற்பாடு சீமென்ஸோடு சேர்ந்தது அதுதான். டுட்லிங்கன் என்ற சிற்றூர் 1867 முதல் அறுவைச் சிகிச்சைக் கத்தி, கத்தரிக்கோலுக்குப் பெயர் பெற்றது. நம்மூர்க்காரர்களுக்குச் சுவையான கதை லூபெக் நகரத்து டிரேகர் கம்பெனியுடையது. 1889-ல் பீர் பீப்பாய்க்கான வால்வோடு தொடங்கிய தொழில் அது. அழுத்தத்தில் அடைத்த வாயுவை அளவாக வெளியே விடும் அந்த வித்தையே பின்னர் ஆக்சிஜனுக்கும் பயன்பட்டது. 1902-ல் மயக்க மருந்து கொடுக்கும் கருவி செய்தார்கள். சுரங்க மீட்புப் படைக்கு மூச்சுக் கருவியும் செய்தார்கள். கனடாவில் சுரங்க மீட்பு வீரர்களை "டிரேகர்மென்" என்றே அழைப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரும் சுரங்கமும் ஒரே பட்டறையின் வாடிக்கைக்காரர்கள்!

செய்பவன் இருந்தால் மட்டும் சந்தை உண்டாகிவிடாது. வாங்குபவன் கையில் காசு வேண்டும், அதுவும் ஆண்டுதோறும் வேண்டும். அதை ஜெர்மனியில் உண்டாக்கியது 1883-ஆம் ஆண்டின் நோய்க் காப்பீட்டுச் சட்டம். தொழிலாளியும் முதலாளியும் ஒரு நிதியில் பணம் கட்டினார்கள். மறு ஆண்டே விபத்துக் காப்பீடும் வந்தது. இன்று அந்நாட்டில் பத்தில் ஒன்பது பேர் இந்தப் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடத்துக்கும் பெரிய கருவிகளுக்கும் மாநில அரசு பணம் தர வேண்டும்; நடத்தும் செலவைக் காப்பீட்டு நிதி தர வேண்டும். கேபிடல் கணக்கு, ரெவின்யூ கணக்கு என்று ரயில்வேயில் நாங்கள் பிரித்ததைப் போலத்தான். லோகோ வாங்கிய அன்றோடு செலவு முடிவதில்லை; ஓவர்ஹாலும் ஸ்பேரும் பயிற்சி பெற்ற ஆளும் அதன் ஆயுள் முழுக்க வேண்டும். ஸ்கேன் மெஷினும் அப்படியே. பில்லில் ஒரு பங்கு இந்தப் பராமரிப்புக்கும் ஆளுக்கும் போகிறது.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று எண்ண வேண்டாம். மாநிலங்கள் போதிய பணம் தருவதில்லை என்று ஆஸ்பத்திரிகள் புலம்புகின்றன. 2021 மே மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கருவி விதிகளின் செலவு தாங்காமல், சிறு பட்டறைகள் சில பொருள்களையே கைவிட்டன.

ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகளின் உதவி நிதியோ இந்தச் சட்டங்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது. "நாப்ஷாஃப்ட்" என்று பெயர். 1890-ல் போகும் நகரில் விபத்துக் காப்பீட்டுப் பணத்தில் சுரங்கத் தொழிலாளிக்கென்றே "பெர்க்மன்ஸ்ஹைல்" என்ற ஆஸ்பத்திரி எழுந்தது. கல் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் 1929-லேயே அங்கு தொழில் நோயாக ஏற்கப்பட்டது. 2018 டிசம்பரில் கடைசி கருநிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். நிதி மூடவில்லை, 2007 முதலே எல்லோரும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டதால் இன்றும் நடக்கிறது. போகும் ஆஸ்பத்திரியும் இன்றும் நடக்கிறது.

இங்கே என்ன நடந்தது? 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமே வந்தது, ரான்ட்ஜன் கண்டுபிடித்து ஏழே ஆண்டுகளில். கம்பெனி ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியம் கிடைத்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். என் தகப்பனாரின் நெஞ்சைப் படம் எடுத்ததும் அங்கேதான். ஆனால் 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் சுரங்கங்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே கருவி வாங்கியதும் கம்பெனி, நடத்தியதும் கம்பெனி. தொழிலாளியின் பெயரில் தனி நிதி எதுவும் இல்லை. 28.2.2001 அன்று சுரங்கம் மூடியபோது ஆஸ்பத்திரியும் கூடவே போனது. சுரங்கத் தொழிலாளர் நலவாழ்வுக்கென 1990-ல் நம் ஊரை முகவரியாக வைத்துத் தொடங்கிய தேசிய நிறுவனமும் 2019-ல் அகமதாபாத் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரியைத் தொண்டர்கள் கூட்டிப் பெருக்கிக் கட்டில் போட்டார்கள். கட்டடம் பழையதுதான், கருவிகளை மட்டும் புதிதாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

சிலிகோசிஸ் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். படத்தில் காசநோய் போலவே தெரியலாம், காசநோயோடு சேர்ந்தும் வரலாம். இதற்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. நல்ல எக்ஸ்ரே மெஷினும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த டாக்டரும் போதும். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த அண்ணன்மார், பெங்களூரில் பிள்ளைகளோடு இருப்பவர்களும்கூட, இருமலுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எத்தனை வருஷம் உள்ளே வேலை பார்த்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படமும் சர்வீஸ் சான்றும் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.