உங்களுக்குத் தெரியுமா? யூரியா மட்டுமே போட்ட நிலம் விளையாமல் போனது!

இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில், அமில மண்ணில் 1972-இல் தொடங்கிய நீண்டகால உரப் பரிசோதனையில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிராகின்றன. ஆண்டுதோறும் யூரியா மட்டுமே பெற்ற பாத்தியில் கடைசியில் விளைச்சலே இல்லாமல் போனது. தழை, மணி, சாம்பல் சத்து உரங்களோடு தொழுவுரமும் பெற்ற பாத்தியோ பல பத்தாண்டுகள் நல்ல மகசூல் தந்தது. காரணம் வேர்நுனியில் இருக்கிறது. கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். வேர் தடித்துக் குட்டையாகி, கிளை விடாமல் நின்றுவிடும். போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். யூரியா மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, இன்னும் கூட்டும். மக்கிய எருவிலுள்ள கரிமச் சேர்மங்கள் அலுமினியத்தைக் கட்டிப்போட்டு, மணிச்சத்து வேருக்குக் கிடைக்க வழிவிடுகின்றன.

அப்படியானால் எரு மட்டும் போதாதா? நியாயமான கேள்விதான். ஆனால் தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை சதவீதமே. 100 கிலோ தழைச்சத்துக்கு 20 டன் எரு வேண்டும். அதிலும் முதல் போகத்துக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? சுண்ணாம்பே போதும் என்பாரும் உண்டு. அது புளிப்பை முறிக்கும்; தழைச்சத்தையோ சாம்பல் சத்தையோ தராது. கடும் புளிப்பு நிலத்துக்கு உரம், எரு, சுண்ணாம்பு மூன்றும் வேண்டும். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் காய்கறி போடுவோர் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். சுண்ணாம்பையோ டாலமைட்டையோ விதைப்புக்குச் சில வாரம் முன்பே இடுங்கள். யூரியாவோடு சேர்த்து இடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.