அலைன்மென்ட் கடைசி வேலை

கார் ஒரு பக்கமாக இழுத்தால் பெரும்பாலோர் நேராக டயர் கடைக்குப் போய் 'அலைன்மென்ட் பார்த்துடுங்க' என்கிறோம். கொஞ்ச நேரத்தில் அலைன்மென்ட் மெஷினின் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சையாகின்றன, சில நூறு ரூபாயோடு வேலை முடிகிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் இழுக்கிறது. உடனே பழி கடைக்காரர் மேல் விழுகிறது. பல சமயம் தப்பு அவருடையது அல்ல, வரிசையுடையது. பாகங்களைச் சரிபார்த்த பிறகு செய்ய வேண்டிய கடைசி வேலையை முதல் வேலையாகச் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

அந்த மெஷின் அளப்பது முக்கியமாக மூன்று கோணங்களை. மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. எதிரே நின்று பார்க்கையில் சக்கரத்தின் தலை சாய்ந்திருப்பது கேம்பர். சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருப்பது காஸ்டர். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற சின்னக் கார்களில் கடைக்காரர் ஸ்பேனர் போட்டுத் திருப்பக்கூடியது பெரும்பாலும் முன்சக்கர டோ ஒன்றுதான். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி, நட்டை இறுக்குவார். அவ்வளவே. கேம்பருக்கும் காஸ்டருக்கும் அப்படித் திருப்ப வழி கிடையாது. ஆகவே கேம்பர் எண் சிவப்பில் நின்றால், சஸ்பென்ஷனில் பள்ளத்தில் அடிபட்ட ஸ்டிரட்டோ, வளைந்த லோயர் ஆர்மோ, பிய்ந்த புஷ்ஷோ காரணமா என்று தேட வேண்டும். சில இடங்களில் ஹைட்ராலிக் கருவி மாட்டி ஸ்டிரட்டையே வளைத்து எண்ணைப் பச்சையாக்கிவிடுகிறார்கள். திரைக்கு அது போதும். ஏற்கெனவே அடி வாங்கிய இரும்பை இன்னொரு முறை வளைத்து அதன் மேல் குடும்பத்தை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டோ சின்ன அளவுதானே, கொஞ்சம் விலகினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அங்குல ரிம்மில் மொத்த டோ 3 மி.மீ. தவறியிருந்தால் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் 1.5 மி.மீ. வருகிறது. ரிம்மின் விட்டம் 381 மி.மீ. அப்படியானால் கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய 4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது; 10,000 கிலோமீட்டருக்கு 40 கிலோமீட்டர். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டினால் இது கைக்கே தெரியும். ஒரு திசையில் வழுவழுப்பாகப் போகும், திரும்பி வருகையில் ரம்பப் பல் போலக் குத்தும். கேம்பர் கெட்டிருந்தால் இந்தக் குத்தல் இருக்காது, ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று மொட்டையாகியிருக்கும்.

இவ்வளவு நுட்பமான அளவைத் தேய்ந்த பாகங்களின் மேல் அமைத்து என்ன பயன்? முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் முதலில் டை ராட் எண்டைச் சந்தேகிக்கலாம்; மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் வீல் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ. ஆட்டம் உள்ள ஜாயின்ட் மெஷின் மேல் ஓரிடத்தில் நிற்கும், ரோட்டில் பிரேக் போட்டதும் இன்னோரிடத்துக்குப் போய்விடும். அசையாமல் நிற்கும் வண்டிக்குத்தான் பச்சை எண் பொருந்தும்.

'பார்ட்ஸ் மாற்று, மாற்று என்று மெக்கானிக் ஏமாற்றுவாரே' என்பது நியாயமான பயம். கழற்றும் முன்பு அந்த ஆட்டத்தை உங்கள் கையால் உணர வைக்கச் சொல்லுங்கள். உண்மையான தேய்மானத்தைக் காட்டுவது ஒரு நிமிட வேலை. இன்னொரு ஆட்சேபம், வண்டி இழுப்பதே அலைன்மென்ட் கெட்டதற்குச் சாட்சி என்பது. அப்படியும் சொல்ல முடியாது. ஒரு டயரில் காற்று குறைந்தாலும், ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் இழுக்கும். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றவாளி டயர்தான். மழைநீர் வடிவதற்காக ரோட்டை நடுவில் உயர்த்திப் போடுவதால், இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் வண்டி மெல்ல இடது பக்கம் நகர்வது இயல்பு. வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங்; அது வேறு வேலை, வேறு மெஷின்.

இதையெல்லாம் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, நான்கு டயரிலும் சரியான காற்றடித்த பிறகு அலைன்மென்ட்டுக்குப் போகலாம். திரையில் உங்கள் மாடல்தான் தேர்வாகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வேலைக்கு முந்தைய எண்களும் பிந்தைய எண்களும் உள்ள பிரிண்ட்டை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே சக்கரம் விலகியிருந்தால், எந்தப் பக்கம் முதலில் கழற்ற வேண்டும் என்பதை மெக்கானிக் அதிலிருந்தே தெரிந்துகொள்வார்.