உங்களுக்குத் தெரியுமா? அசலா, நகலா... எந்தப் 'பேரண்ட் ட்ராப்' உங்கள் கட்சி?

ஒரே முகம், இரண்டு சிறுமிகள், பிரிந்துபோன அப்பா அம்மா! 'தி பேரண்ட் ட்ராப்' என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? 1961-ன் ஹெய்லி மில்ஸா, 1998-ன் லிண்ட்சே லோஹனா? எடுத்தது இரண்டையும் டிஸ்னிதான். இடைவெளி 37 வருஷம். எது உசத்தி என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை!

முதல் வெடியைக் கொளுத்திவிடுகிறேன். எல்லோரும் 'அசல்' என்று தூக்கிவைத்துக் கொண்டாடும் அந்த 1961 படம் அசலே கிடையாது! 11 வருஷம் முன்பே, 1950-ல், ஜெர்மனியில் இதே கதை படமாக வந்துவிட்டது!

அந்த ஜெர்மன் படம் 1949-ல் வந்த ஒரு சிறுவர் நாவலிலிருந்து எடுத்தது. எழுதியவர் எரிக் கேஸ்ட்னர். 'அப்படியானால் நாவல்தான் அசல்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! அந்த நாவலே 1942-ல் ஒரு சினிமாவுக்காக யோசித்த கதை! போர்க்காலம். படம் நின்றுபோனது. கதையைக் கேட்ட இயக்குநர் யோசெஃப் ஃபான் பாக்கி. கடைசியில் 1950-ல் அதைப் படமாக எடுத்தவரும் அவரேதான்! 8 வருஷக் காத்திருப்பு!

கேஸ்ட்னர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1933-ல் நாஜிகள் பெர்லினில் இவருடைய புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். இவர் எங்கே இருந்தார் தெரியுமா? அந்தக் கூட்டத்திலேயே நின்று, தன் புத்தகங்கள் எரிவதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்! உலகத்துக் குழந்தைகளையெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்த கதை அந்த மனிதருடையது!

1950 படத்தில் கேமரா தந்திரமே தேவைப்படவில்லை. யூட்டா குந்தர், இசா குந்தர் என்று நிஜ இரட்டையர்களையே நடிக்கவைத்துவிட்டார்கள்! பின்னணியில் கதை சொல்லும் குரல்? சாட்சாத் கேஸ்ட்னருடையது!

ஜெர்மன் திரைப்பட விருது 1951-ல் முதல்முறையாக வழங்கப்பட்டது. முதல் சிறந்த படம் எது? இதேதான்!

பொறுங்கள், டிஸ்னிக்கு இன்னும் முறை வரவில்லை. 1951-ல் ஜப்பான் முந்திக்கொண்டது. பின்னாளில் அந்த நாட்டின் இசை ராணியான மிசோரா ஹிபாரிதான் அங்கே இரட்டை வேடம். அப்போது அவருக்கு 14 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, அத்தனை சின்னப் பெண்! 1953-ல் பிரிட்டன். எமெரிக் பிரஸ்பர்கர் தனி ஆளாக இயக்கிய ஒரே படம் அது. ஆக, 'அசல்' டிஸ்னி படம் வருவதற்குள் 3 நாடுகளில் 3 படங்கள்!

இனி 1961-க்கு வருவோம். இதில்தான் நிஜமான மாயாஜாலம்!

இரண்டு ஹெய்லி மில்ஸும் ஒரே காட்சியில் தெரியும் ஷாட்கள் கொஞ்சமாக இருந்தால் போதும், மற்றதை டூப் வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். எடுத்துக் காட்டியதைப் பார்த்தார் வால்ட் டிஸ்னி. ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை! உடனே உத்தரவு: 'இன்னும் நிறைய எடுங்கள்!'

ரகசியம் என்ன? சோடியம் விளக்கு! தெருவில் மஞ்சளாக எரியுமே, அதே வகை வெளிச்சம். அதைப் பின்திரையில் பாய்ச்சி, நடிகரின் உருவத்தைத் தனியாக வெட்டியெடுத்து வேறொரு காட்சியில் பொருத்தினார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது! 1964-ல் 'மேரி பாப்பின்ஸ்' படத்திலும் இதே வித்தைதான்!

திரையில் முதுகை மட்டும் காட்டிய அந்த டூப் யார்? சூசன் ஹென்னிங். படம் முழுக்க உழைத்தும் திரையில் பெயர் கிடையாது! அவருக்கு வால்ட் டிஸ்னி ஒரு பரிசு கொடுத்தார்: டொனால்ட் டக் சிலை! அதே பெண் 1968-ல் எல்விஸ் பிரெஸ்லி படத்தில் கடல்கன்னியாக வந்தார். இந்தமுறை முகத்தோடு!

ஹெய்லி மில்ஸ் பாட்டும் பாடினார். இரண்டு குரலும் அவருடையதே. தன்னோடு தானே ஜோடி சேர்ந்து பாடிய அந்தப் பாட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் எத்தனையாவது இடம் பிடித்தது தெரியுமா? 8!

அந்தப் பாட்டை எழுதிய ஷெர்மன் சகோதரர்கள் யார் என்றால், 4 வருஷம் கழித்து 'மேரி பாப்பின்ஸ்' பாடல்களுக்கு ஆஸ்கர் வாங்கப்போகிறவர்கள்!

1998 படத்தின் ஹோட்டல் காட்சியைக் காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். லோஹன் ஒரு மெட்டை இழுப்பார். ஹெய்லி மில்ஸ் பாடிய அதே பாட்டு!

1961 படத்துக்கு 2 ஆஸ்கர் பரிந்துரைகள். ஒன்று ஒலிக்கு, இன்னொன்று எடிட்டிங்குக்கு. 1998 படத்துக்கு? பூஜ்யம்!

அம்மா அப்பா விஷயத்தில் என் ஓட்டு அடித்துச் சொல்கிறேன், அசலுக்கே! மோரீன் ஓஹாராவும் பிரையன் கீத்தும் சண்டை போடுகிற அழகே தனி. முன்னாள் கணவனின் கண்ணில் ஒரு குத்து விடுவார் பாருங்கள், மனிதர் கன்றிப்போன கண்ணோடு திரிவார்! 1998-ல் டென்னிஸ் குவைடும் நடாஷா ரிச்சர்ட்சனும் அழகுதான். கப்பலில் காதல், திராட்சைத் தோட்டம், ஒயின் என்று எல்லாம் உண்டு. அந்தக் குத்து இல்லையே!

மோரீன் ஓஹாராவின் ஒப்பந்தப்படி அவர் பெயர்தான் முதலில் வரவேண்டும். வந்ததோ ஹெய்லி மில்ஸ் பெயர்! அதற்கப்புறம் ஓஹாரா டிஸ்னி படத்தில் நடிக்கவே இல்லை!

சரி, சிறுமிகள் யார் உசத்தி? இங்கே நகலுக்கு என் முழு ஓட்டு!

ஹெய்லி மில்ஸ் இங்கிலாந்துப் பெண். கதையிலோ ஒருத்தி பாஸ்டன்காரி, இன்னொருத்தி கலிபோர்னியாக்காரி. இரண்டு பேருமே அசப்பில் ஆங்கிலேயச் சிறுமி மாதிரியே பேசினார்கள்! லோஹன் நியூயார்க் பெண். அவருக்குக் கலிபோர்னியா ஹாலி ஒருத்தி, லண்டன் ஆனி ஒருத்தி. உச்சரிப்பே வேறு வேறு!

அதோடு முடிந்ததா? கதையில் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்கிறார்களே! ஆனி மாதிரி நடிக்கும் ஹாலி, ஹாலி மாதிரி நடிக்கும் ஆனி! எண்ணிப் பாருங்கள், இரட்டை வேடம் இல்லை, 4 வேடம்! லண்டன் பேச்சுக்குள் கலிபோர்னியா எட்டிப்பார்ப்பதைக்கூடக் காட்டிவிடுகிறார். அப்போது அவர் வயது 11. அதுதான் அவருடைய முதல் சினிமா! நான் பார்த்த குழந்தை நட்சத்திர அறிமுகங்களில் இதற்குப் பக்கத்தில்கூட எதையும் வைக்க மாட்டேன்!

ஹாலி, ஆனி என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன? இயக்குநர் நான்சி மேயர்ஸ், தயாரிப்பாளர் சார்லஸ் ஷையர் தம்பதியின் சொந்த மகள்களின் பெயர்கள்! மேயர்ஸ் இயக்கிய முதல் படமும் இதுவே!

1998 படத்தின் ஒளிப்பதிவாளர் டீன் கண்டி. 'ஜுராசிக் பார்க்'கில் டைனோசர்களை ஓடவிட்ட அதே ஆள்! 1961-ல் இரட்டையர் காட்சி என்றால் பெரும்பாலும் கேமரா ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். 1998-ல் கம்ப்யூட்டர் கேமராவை நகர்த்தியது. முதலில் ஹாலிக்கு ஒருமுறை, பிறகு ஆனிக்கு இன்னொருமுறை. இரண்டு முறையும் கேமரா மயிரிழை பிசகாமல் அதே வழியில் போகும்!

திரைக்கதையில் மூன்று பெயர்கள் இருக்கும். மேயர்ஸ், ஷையர்... மூன்றாவது? டேவிட் ஸ்விஃப்ட்! 1961 படத்தை எழுதி இயக்கியவரேதான்!

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பக்கத்தின் மகுடம். நிமிர்ந்து உட்காருங்கள்!

1961 படத்தில் பணத்துக்காக அப்பாவை வளைத்துப் போடப் பார்க்கும் அழகி விக்கி. நடித்தவர் ஜோவன்னா பார்ன்ஸ். 1998 படத்தில் அதே வேலையைச் செய்பவள் மெரடித். நடித்தவர் எலைன் ஹெண்ட்ரிக்ஸ். அந்த மெரடித்தின் அம்மாவாக ஒரு சீமாட்டி வந்து போவார், கவனித்தீர்களா? அது யார் தெரியுமா? அதே ஜோவன்னா பார்ன்ஸ்! கதாபாத்திரத்தின் பெயர்? விக்கி! பணக்கார மாப்பிள்ளை பிடிக்கும் கலையை அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாற்போல! 37 வருஷம் கழித்து!

ஒரு நகல் தன் அசலுக்கு இதைவிட அழகாக வணக்கம் வைத்து நான் பார்த்ததில்லை!

வில்லியைக் காட்டுக்குக் கூட்டிப்போய் அலறவிடும் காட்சி இரண்டிலும் உண்டு. 1961-ல் காலில் தேன், நக்கிப்பார்க்கக் கரடிக்குட்டிகள்! 1998-ல் வாய்க்குள் பல்லி! அப்புறம் தூங்குகிறவளைக் காற்று மெத்தையோடு ஏரியில் மிதக்கவிட்டுவிடுகிறார்கள்! ஏரிக்கே வெற்றி!

1998 படத்தின் செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். உலகம் முழுக்க வசூல்? 9 கோடியே 20 லட்சம் டாலர்! ஆறு மடங்கு!

அதே 1998-ல் நம்மூர்த் திரையரங்குகளில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? பிரசாந்த் இரட்டையராக வந்த 'ஜீன்ஸ்'! ஏப்ரலில் இங்கே இரண்டு பிரசாந்த், ஜூலையில் அங்கே இரண்டு லோஹன்!

தமிழுக்கும் இந்தச் சண்டையில் பங்கு உண்டு, விடுவேனா? 1965. ஏவிஎம். 'குழந்தையும் தெய்வமும்'! லலிதா, பத்மினி என்று இரண்டு பேராகவும் குட்டி பத்மினியே. இரட்டையர் கதையை இயக்கியது யார்? கிருஷ்ணன் - பஞ்சு. இரட்டை இயக்குநர்கள்!

அப்பாவாக நடித்த ஜெய்சங்கர் அறிமுகமானதே அந்த வருஷம்தான். அறிமுகமான வருஷத்திலேயே இரட்டைப் பெண்களுக்கு அப்பா!

ஆங்கிலப் படத்தில் வில்லி அப்பாவின் புதுக் காதலி. நம்மூரில் அதெல்லாம் எதற்கு? குடும்பத்தைப் பிரிப்பது பணத்திமிர் பிடித்த மாமியார்! ஜி. வரலட்சுமி புரட்டி எடுத்துவிட்டார். ஒரே மாற்றத்தில் கதை அப்படியே நம்ம வீட்டுக் கதையாகிவிட்டது!

ஒரு கூட்டில் கோழி, இன்னொரு கூட்டில் சேவல் என்று அப்பா அம்மா பிரிவைச் சொல்லும் பாட்டு உங்கள் காதில் ஒலிக்கிறதா? மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன். குழந்தைக் குரல் எம்.எஸ். ராஜேஸ்வரி. அவர் குழந்தை இல்லை, நடுவயதை நெருங்கிய பெண்மணி!

1966-ல் தெலுங்கு. 1968-ல் இந்தியில் 'தோ கலியான்'. அதே ஏவிஎம், அதே கிருஷ்ணன் - பஞ்சு! 4 வருஷத்துக்குள் ஒரே கதையை 3 மொழிகளில் எடுத்து முடித்துவிட்டார்கள்! இந்தியில் இரட்டையராக வந்த 'பேபி சோனியா' யார்? பின்னாளில் கதாநாயகியாகக் கலக்கிய நீது சிங்!

இதில் எது உசத்தி? தயங்காமல் சொல்வேன், தமிழ்தான்! குட்டி பத்மினியின் அந்தத் துடுக்கும் அந்தத் தவிப்பும் நகலில் வரவே இல்லை!

மறுபடி அமெரிக்கா. ஹெய்லி மில்ஸ் இரட்டையரை விட்டாரா? இல்லை! 1986-ல் ஒன்று, 1989-ல் இரண்டு என டிவிக்காக மேலும் 3 பாகங்கள். 1961 படத்தின் இரட்டையர் சூசனும் ஷேரனும்தான், வளர்ந்து பெரியவர்களாக!

1998-ல் லோஹனுக்கு டூப்பாக முதுகு காட்டி நின்ற சிறுமி எரின் மேக்கியை மறந்துவிடாதீர்கள். சுமார் பத்து வருஷம் கழித்து பிராட்வே மேடையில் 'விக்கெட்' இசை நாடகத்தின் கிளிண்டா யார்? அவரேதான்!

லோஹனும் நகல்களை விடவில்லை! 2003-ல் 'ஃப்ரீக்கி ஃப்ரைடே'. அம்மாவும் மகளும் உடம்பு மாறிக்கொள்ளும் கதை. அதுவும் டிஸ்னி, அதுவும் மறுஆக்கம்! 1976 அசலில் அதே மகளாக நடித்தவர் ஜோடி ஃபாஸ்டர்!

2025-ல் அதற்கு இரண்டாம் பாகம் வந்தது. ஒரு காட்சியில் திடீரென்று ஒரு தெரிந்த முகம் வந்து நிற்கிறது. எலைன் ஹெண்ட்ரிக்ஸ்! காற்று மெத்தையில் ஏரிக்கு அனுப்பப்பட்ட மெரடித்தும், அனுப்பிய குட்டிப் பிசாசும் மறுபடி ஒரே படத்தில்! 27 வருஷம் கழித்து!