அகராதிக்குள் அடங்காத மண்குடம்

ஒரு காரியம் ரொம்பச் சுலபம் என்று சொல்ல ஸ்பெயின்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு. போத்திஹோ வேலை செய்வதைவிடச் சுலபம் என்பார்கள். போத்திஹோ என்பது மினுக்குப் பூச்சு இல்லாத ஒரு மண்குடம். உப்பிய வயிறு, உச்சியில் தூக்கிப் பிடிக்க வளையம், நீர் ஊற்ற ஒருபுறம் அகன்ற வாய், குடிக்க மறுபுறம் குறுகிய மூக்கு. குடத்தைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, உதடு படாமல் தாரையாக விழும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். நமக்கும் பழகிய வித்தைதான். குளிர்பதனப் பெட்டி வரும்வரை வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டு வாசலிலும் ஸ்பெயினின் கோடைத் தாகத்தைத் தணித்தது இந்தக் குடம். இதில் என்ன பெரிய சூட்சுமம் இருந்துவிடப் போகிறது?

1995இல் மாட்ரிட் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் பின்டோ, ஹோசே இக்னாசியோ சுபிசர்ரேட்டா இருவரும் அதைக் கணக்கிட உட்கார்ந்தார்கள். இரண்டு வகையீட்டுச் சமன்பாடுகள் தேவைப்பட்டன. ஓர் அளவு நேரத்தோடு எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று சொல்பவை அவை, கல்லூரிக் கணிதம். சுலபத்துக்கு உவமையான குடத்துக்குள் இவ்வளவு கணக்கு ஒளிந்திருந்தது.

நடப்பது இதுதான். மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து குடத்தின் வெளிப்புறத்தை நனைக்கிறது. அந்த ஈரம் ஆவியாக வெப்பம் வேண்டும். நீரைச் சூடேற்றாமல் ஆவியாக உருமாற்ற மட்டுமே செலவாகும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அதில் பெரும்பங்கு குடத்துக்குள் இருக்கும் நீரிலிருந்தே வருகிறது. இந்த வெப்பம் மிகப் பெரிது. ஒரு லிட்டர் நீர் முழுதாக ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், சுமார் 58 லிட்டர் நீரைப் பத்து டிகிரி குளிர்விக்கப் போதும். ஒரு தேக்கரண்டிக் கசிவை இழந்து ஒரு பெரிய தம்ளர் குளிர்ந்த நீரை வாங்கும் வியாபாரம் இது. மாட்ரிட் ஆய்வாளர்கள் 39 டிகிரிச் சூட்டில் வைத்த குடத்தின் நீர், ஏழு மணி நேரத்தில் 24 டிகிரிக்கு இறங்கியது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுற்றியிருக்கும் காற்று வறண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை எளிதில் வாங்காது. நம் மண்பானையும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. சென்னையின் புழுக்க நாட்களில் அது சோர்ந்துபோவதும் இதனால்தான். ஸ்பெயினின் உள்நாட்டுக் கோடை வறண்டது. இங்கிலாந்தின் கோடையோ மிதமானது, ஈரமானது. அங்கே இந்தக் குடத்துக்கு வேலையே இல்லை. வேலை இல்லாததால் பெயரும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஸ்பானிய நாவலில் ஒரு விவசாயி நிழலில் இருந்து போத்திஹோவை எடுக்கிறார். ஆங்கிலத்தில் ‘மண் ஜக்’ என்று எழுதினால் வடிவம் வந்துவிடும், குளிர்ச்சி வராது. ‘நீர் குளிர்விப்பான்’ என்றால் குளிர்ச்சி வரும். கூடவே வாசகர் மனத்தில் ஓர் அலுவலகமும் மின்கம்பியும் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாட்ரிட்வாசிகளை அலிகாந்தே கடற்கரைக்கு மலிவுக் கட்டணத்தில் ஏற்றிச் சென்ற ரயில்களுக்குப் ‘போத்திஹோ ரயில்’ என்றே பெயர். நீண்ட, வெக்கையான பயணத்துக்குப் பயணிகள் குடத்தோடு ஏறினார்கள். அதை ‘ஜக் ரயில்’ என்று மாற்றினால் யாருக்கு என்ன விளங்கும்? நல்ல மொழிபெயர்ப்பாளர் ஸ்பானியப் பெயரை அப்படியே வைத்துவிட்டு, அதே வாக்கியத்தில் அந்த நீரின் சில்லிப்பையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுவார். எந்தச் சொல் என்று தெரிய, குடம் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் சரியான சொல் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லும் செத்துப்போயிருக்கும். 1605இல் செர்வான்டிஸ் வெளியிட்ட ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகத்தில் ஓர் இரவுக் காட்சி. கும்மிருட்டில் காட்டுக்குள் தடதடவென்று பயங்கரமான சத்தம். விடிய விடிய அது நிற்கவில்லை. வீரர் குயிக்ஸாட் போருக்குத் தயாராகிறார். பணியாள் சாஞ்சோ பான்சா நடுங்குகிறார். விடிந்து பார்த்தால் அது ஒரு பத்தான். தண்ணீரால் ஓடும் ஆலையில் ஆறு சம்மட்டிகள் மாறி மாறித் துணியை அடித்துக்கொண்டிருக்கின்றன.

எதற்காக ஒரு துணியை இரவெல்லாம் அடிக்க வேண்டும்? தறியிலிருந்து வரும் கம்பளித் துணி சல்லடைபோல் இடைவெளி விட்டிருக்கும். ஆட்டு ரோமத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஈரத்தில் அடிபடும்போது இழைகள் ஒரே திசையில் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அந்தச் செதில்கள் அவற்றைத் திரும்பி வர விடா. துணி சுருங்கி, தடித்து, காற்றுப் புகாததாகிறது. கம்பளிச் சட்டையை வெந்நீரில் துவைத்துக் கெடுத்தவர்கள் இதே நிகழ்ச்சியை வீட்டிலேயே நடத்தியிருக்கிறார்கள். முன்பு மனிதர்கள் காலால் மிதித்துச் செய்த வேலையை இந்த ஆலை ஏற்றுக்கொண்டது. நீர்ச்சக்கரம் சுற்றும், அதன் அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் சம்மட்டிகளைத் தூக்கிவிட்டு நழுவும், சம்மட்டி தன் எடையிலேயே விழும். சுழற்சியை மேல்கீழ் அசைவாக மாற்றும் இந்தத் துருத்தலுக்கு நெம்புருள் என்று பெயர். இன்றைய கார் எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுவதும் அதே சாதனம்தான்.

1612இல் தாமஸ் ஷெல்டனின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கம்பளித் துணிதான் அன்றைய இங்கிலாந்தின் பிரதான ஏற்றுமதி. பத்தானின் ஆங்கிலப் பெயரான ‘ஃபுல்லிங் மில்’ என்றதும் வாசகருக்குக் காதில் சத்தமே கேட்டிருக்கும். இன்று அந்தச் சொல்லை எழுதினால் லண்டன் வாசகரும் அகராதியைத் தேடுவார். ஆனால் அந்தத் தொழில் ஆங்கிலத்தைவிட்டு முழுவதும் போய்விடவில்லை. ஃபுல்லர், வாக்கர், டக்கர் என்ற மூன்று குடும்பப் பெயர்களும் இந்த வேலை செய்தவர்களுக்கு வெவ்வேறு வட்டாரங்களில் வழங்கியவை. துணியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சப் போட்ட களிமண்ணும் அங்கே ஃபுல்லரின் மண் என்றே பெயர் பெற்றது. நம் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கும் முல்தானி மட்டி அந்த வகை மண்தான். எனக்கு இந்தத் தடயங்கள்தான் பத்தானைவிடவும் வியப்பாக இருக்கின்றன. இயந்திரம் மறைந்த பிறகும் அதன் பெயர் தொலைபேசிப் பட்டியலிலும் அழகுசாதன அலமாரியிலும் பிழைத்துக் கிடக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் இன்னும் நுட்பமான ஒரு பொருள் வருகிறது. ஒரு நாவிதர் மழையில் தன் புதுத் தொப்பி நனையாமல் இருக்க, சவரக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுதைமேல் வருகிறார். பித்தளை மின்னுகிறது. குயிக்ஸாட்டின் கண்ணுக்கு அது மம்ப்ரினோ அரசனின் தங்கத் தலைக்கவசம். கிண்ணத்தின் ஸ்பானியப் பெயர் பாஸீயா, ஆங்கிலத்தில் ‘பேசின்’. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் பேசின் என்றதும் இன்றைய வாசகர் கை கழுவும் தொட்டியை நினைக்கிறார். பாஸீயா ஆழமற்ற, அகன்ற விளிம்புள்ள தட்டு. அந்த விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். சவரம் செய்துகொள்பவர் கழுத்தை அந்தப் பிறைக்குள் பொருத்திப் பிடித்துக்கொண்டால் சோப்புநீர் சட்டையில் வழியாமல் தட்டுக்குள் விழும். இந்த வெட்டு தெரிந்தால்தான் அந்தக் காட்சியின் நகைச்சுவை முழுதாகப் பிடிபடும். தலைக்கவசத்தில் ஒரு பகுதி இல்லையே என்று குயிக்ஸாட் கவனிக்கிறார். யாரோ விலை தெரியாமல் பாதியை உருக்கி விற்றுவிட்டார்கள் என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொள்கிறார்.

பின்னால் ஒரு விடுதியில் இது கிண்ணமா கவசமா என்று பெரிய சண்டை வருகிறது. எஜமானரையும் விட்டுக்கொடுக்க முடியாத, கண்ணால் கண்டதையும் மறுக்க முடியாத சாஞ்சோ, கிண்ணத்தின் பெயரையும் கவசத்துக்கான ‘யெல்மோ’ என்ற சொல்லையும் ஒட்டிப் ‘பாஸியெல்மோ’ என்று புதுச்சொல் ஒன்றை உருவாக்குகிறார். இரண்டு பழம்பொருட்கள் ஒரே சொல்லில்! நாலு நூற்றாண்டாக ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அதே நாவலின் தொடக்கத்தில் குயிக்ஸாட் சனிக்கிழமைகளில் சாப்பிடும் ஒரு பதார்த்தம் இருக்கிறது. அதன் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ‘துக்கங்களும் முறிவுகளும்’ என்று வரும். ஷெல்டன் அதை இறைச்சித் துண்டும் முட்டையும் ஆக்கினார். 1755இல் ஸ்மாலெட் வயிற்று வலியும் முணுமுணுப்பும் என்று பெயரின் சோகத்தைப் பிடித்தார். 2003இல் எடித் கிராஸ்மன், சனிக்கிழமை இறைச்சி விலக்கையும் சேர்த்து, முட்டையும் விரதமும் என்றார். ஒரே தட்டு, மூன்று சமையல். எனக்குப் பிடித்தது கிராஸ்மன் செய்தது, ஏனென்றால் அந்த வீட்டின் நாட்காட்டி அதில் தெரிகிறது.

நகரத்துப் பொருட்களும் மனிதர்களும் இதே தொல்லை தருவார்கள். மாட்ரிட் தெருக்களில் இருபதாம் நூற்றாண்டிலும் செரேனோ என்ற இரவுக் காவலர் இருந்தார். தெருவிலுள்ள வீடுகளின் வாசல் சாவிகளெல்லாம் அவர் இடுப்பில் தொங்கும். நேரம் கழித்து வருபவர் கைதட்டிக் கூப்பிட்டால் வந்து கதவைத் திறந்துவிடுவார். முற்காலத்தில் அவர் மணியையும் வானிலையையும் உரக்கச் சொல்லிக்கொண்டு போவார். பெரும்பாலான இரவுகளில் வானம் தெளிவு, ‘செரேனோ’. அதுவே ஆளுக்கும் பெயராயிற்று. ‘நைட் வாட்ச்மேன்’ என்று எழுதினால் சாவிக்கொத்தும் வானமும் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானவை பழைய அளவைகள். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழிக்கு ஸ்பானியர் சொல்லும் பெயர் அர்ரோபா. கால் பங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய கணக்குப் புத்தகங்களில் இந்தச் சுழி எடையைக் குறித்தது. எதில் கால் பங்கு? கின்டாலில். நெல் கொள்முதல் நிலையத்தில் நாம் சொல்லும் குவிண்டாலும் அதே அரபு மூலத்திலிருந்து பிறந்த சொல்தான். ஆனால் காஸ்டிய நாட்டுக் கின்டால் 100 ராத்தல், அதாவது 46 கிலோ. அதன் கால் பங்கான அர்ரோபா 11.5 கிலோ. அரகோன் பகுதிக்குப் போனால் அது 12.5 கிலோ. அதே சொல் திரவத்துக்கும் வரும். ஒயின் என்றால் சுமார் 16 லிட்டர், எண்ணெய் என்றால் பன்னிரண்டரை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். பிறகு பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய அளவைதானே, வரலாற்று நாவலோடு போகட்டும் என்று விடவும் முடியாது. ஸ்பெயினின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள காடுகளில், கார்க் மரத்தின் பட்டையை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரித்தெடுக்கிறார்கள். அந்தப் பட்டைக்கு இன்றும் காஸ்டியக் கின்டால் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். சந்தை விலைச் செய்தியை ஆங்கிலத்தில் தருபவர் அகராதியை நம்பிக் கின்டாலுக்கு 100 கிலோ என்று போட்டால், கிலோவுக்கு விவசாயி வாங்கிய விலை காகிதத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.